பெரிய டயர் போட்ட பிக்கப்புக்குப் பழைய அளவு ஸ்டெப்னி போதுமா?

வில்லியனூரிலிருந்து ஒரு நண்பர் கேட்டிருக்கிறார். அவரிடம் இருப்பது ஃபோர் வீல் டிரைவ் உள்ள இரட்டைக் கேபின் பிக்கப். வாரநாளில் பம்ப்செட், பைப் என்று லோடு அடிக்கிறார், விடுமுறையில் குடும்பத்தோடு கல்வராயன் மலைப் பக்கம் போகிறார். கம்பெனி கொடுத்த டயர் 215/75 ஆர் 15. தேய்ந்ததும் நான்கையும் 235/75 ஆர் 15-ஆக மாற்றிவிட்டார், ஸ்டெப்னி மட்டும் பழைய அளவிலேயே கிடக்கிறது. டயர் கடைக்காரர் "ஒன்றும் ஆகாது" என்கிறார். நண்பர் ஒருவர் "கிரௌன் போய்விடும்" என்று பயமுறுத்துகிறார். கார் கம்பெனிகளே சின்ன ஸ்டெப்னி கொடுக்கும்போது நான் மட்டும் ஏன் ஐந்தாவது டயர் வாங்க வேண்டும் என்பது அவர் கேள்வி. உள்ளே இருக்கும் கேள்வி இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது: நடுவழியில் பஞ்சரானால் அந்தப் பழைய டயரை மாட்டிக்கொண்டு எவ்வளவு தூரம், எவ்வளவு நம்பிக்கையோடு வீட்டுக்கு வரலாம்?

கடலூரில் 27 வருடமாக டயர், அலைன்மென்ட் வேலை பார்க்கிறேன். அதற்கு முன் நான்கு வருடம் கிரௌன், கியர்பாக்ஸ் பிரித்துக் கோக்கும் பட்டறையில் வேலை கற்றேன். அந்த இரண்டு அனுபவத்தையும் வைத்துச் சொல்கிறேன்.

முதலில் கணக்கு. 215/75 ஆர் 15 என்றால் அகலம் 215 மி.மீ., பக்கச்சுவரின் உயரம் அதில் 75 சதவீதம், ரிம் 15 அங்குலம். 15 அங்குலம் 381 மி.மீ. மேலும் கீழும் பக்கச்சுவரைக் கூட்டினால் மொத்த உயரம் சுமார் 703 மி.மீ. உங்கள் புது டயருக்கு இதே கணக்கைப் போட்டால் 733 வரும். 30 மி.மீ. வித்தியாசம், அதாவது நாலேகால் சதவீதம். பெரிய டயர் ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 434 சுற்று சுற்றும், பழையது 452 சுற்று. கிலோமீட்டருக்கு 18 சுற்று வித்தியாசம். இந்த 18-ஐ நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பின் அச்சின் நடுவே இருக்கும் டிஃபரன்ஷியலை நம் ஊரில் கிரௌன் என்றே சொல்லிவிடுகிறோம். வண்டி வளைவில் திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டும், உள்பக்கம் குறைவாக ஓட வேண்டும். அந்த வித்தியாசத்தை விட்டுக்கொடுப்பதற்காக உள்ளே சின்னச் சின்ன ஸ்டார் கியர்கள் இருக்கின்றன. நேர்ரோட்டில் அவை தங்களைத் தாங்கும் கம்பியில் (ஸ்டார் பின்) சுழலாமல் சும்மா இருக்கும், திரும்பும்போது மட்டும் சுழலும். ஒரு தெருமுனையில் செங்கோணமாகத் திரும்பினால் இரண்டு சக்கரத்துக்கும் நடுவில் ஏறக்குறைய ஒரு சுற்று வித்தியாசம் வருகிறது. இப்போது அந்த 18-ஐப் பாருங்கள். ஒரு பக்கம் பெரிய டயர், மறுபக்கம் உங்கள் பழைய ஸ்டெப்னி என்று மாட்டினால், கிலோமீட்டருக்கு 18 தெருமுனை திரும்பும் வேலையை நேர்ரோட்டிலேயே கிரௌனுக்குக் கொடுக்கிறீர்கள். கடலூரிலிருந்து புதுச்சேரிக்குச் சுமார் 22 கி.மீ. அதற்குள் 400 தெருமுனை.

கேட்கப் பயமாக இருக்கும். ஆனால் உங்கள் நண்பர் சொன்னது மிகைதான். 60 கி.மீ. வேகத்தில் இந்த வித்தியாசம் நிமிடத்துக்கு 18 சுற்று, மெதுவான சுழற்சி. எண்ணெய் சரியாக இருக்கும் சாதாரண கிரௌன், பஞ்சர் கடை வரைக்கும் 20, 30 கிலோமீட்டரை எந்தச் சேதமும் இல்லாமல் தாங்கும். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. எத்தனை கிலோமீட்டருக்கு மேல் கெடும் என்று யாராவது ஒரு எண்ணைச் சொன்னால் மட்டும் நம்பாதீர்கள். லோடு, எண்ணெயின் வயது, வேகம் எல்லாம் சேர்ந்துதான் அதைத் தீர்மானிக்கின்றன.

கெடுவது எப்படி என்பதற்கு ஒன்று சொல்கிறேன். முதுநகர் துறைமுகத்திலிருந்து புதுச்சேரிக்கு மீன் ஏற்றும் வண்டி ஒன்று என்னிடம் வந்தது. உங்களைப் போலவே பெரிய டயர் போட்டவர். ராத்திரி கிருமாம்பாக்கம் அருகே பின் டயர் பஞ்சர், பழைய ஸ்டெப்னியை மாட்டிக்கொண்டு போயிருக்கிறார். வண்டி ஓடுகிறதே என்று மூன்று வாரம் அப்படியே ஓட்டிவிட்டார், தினமும் லோடோடு. பின்னால் கூவுகிற மாதிரி சத்தம் வந்தபிறகுதான் கொண்டுவந்தார். கிரௌனைத் திறந்தபோது எண்ணெய் கறுத்து, வெளிச்சத்தில் பிடித்தால் உள்ளே வெள்ளித்தூள் கலந்த மாதிரி மினுங்கியது. ஸ்டார் கியருக்குப் பின்னால் இருக்கும் வாஷரை எடுத்து விரலில் வைத்தேன், காகிதம் போலத் தேய்ந்திருந்தது. ஸ்டார் பின்னில் நகம் மாட்டும் அளவுக்குக் கோடு. பழி முழுவதையும் ஸ்டெப்னி மேல் போட மாட்டேன். அந்த எண்ணெய் மாற்றிப் பல வருடம் ஆகியிருந்தது. நல்ல எண்ணெய் இருந்திருந்தால் அந்த மூன்று வாரத்தைத் தாண்டியிருக்குமா என்பதைத் திறந்து பார்த்த பிறகும் என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. எப்போதாவது சுழல வேண்டிய பாகம் ஓயாமல் சுழன்றது என்பது மட்டும் அந்த வாஷரைப் பார்த்தாலே தெரிந்தது.

உங்களுடையது ஃபோர் வீல் டிரைவ் என்பதால் கூடுதலாக ஒன்று. உங்கள் மாதிரி பிக்கப்களில் பெரும்பாலும் முன் அச்சும் பின் அச்சும் லீவர் போட்டால் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும், நடுவில் விட்டுக்கொடுக்க எதுவும் இருக்காது. முன்னால் ஒரு டயர் சின்னது என்றால் முன் அச்சின் சராசரிச் சுற்று இரண்டு சதவீதம் மாறிவிடும். ஒரு கிலோமீட்டருக்கு 20 மீட்டர் அளவுக்கு ஏதோ ஒரு டயர் தரையில் தேய்த்துக்கொண்டே போக வேண்டும். மணலிலும் சேற்றிலும் டயர் வழுக்கி அதைத் தீர்த்துக்கொள்ளும். தார் ரோட்டில் வழுக்காது, அந்த இறுக்கம் அப்படியே, முன் பின் அச்சுகளுக்கு இழுவையைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் மேல் ஏறும். லீவரை எடுக்கவே முடியாமல் மாட்டிக்கொண்டு வந்த வண்டிகளைப் பார்த்திருக்கிறேன். சின்ன ஸ்டெப்னி மாட்டியிருக்கும்போது டூ வீல் டிரைவிலேயே ஓட்டுங்கள். மலைப்பாதைச் சேற்றில் வேறு வழியே இல்லாமல் போட்டால், அந்தச் சேற்றைத் தாண்டியதும் எடுத்துவிடுங்கள். பின்னால் தானாகப் பூட்டிக்கொள்ளும் கிரௌன் இருந்தாலோ, உராய்வுத் தட்டு வைத்த லிமிட்டெட் ஸ்லிப் வகை இருந்தாலோ, பின் அச்சில் அளவு மாறிய டயரை மாட்டவே கூடாது. எப்போதும் நான்கு சக்கரமும் இழுக்கும் வகை வண்டிகளுக்கு இது இன்னும் கடுமை. அவற்றில் ஐந்தும் ஒரே அளவு என்பதில் பேச்சுக்கே இடமில்லை.

ஆகவே அவசரத்தில் மாட்டும் முறை இதுதான். பின் டயர் பஞ்சரானால் ஸ்டெப்னியை நேராகப் பின்னால் மாட்டாதீர்கள். முன்னாலிருக்கும் பெரிய டயரைக் கழற்றிப் பின்னால் போடுங்கள், ஸ்டெப்னியை முன்னால் போடுங்கள். ஜாக்கியை இரண்டு முறை வைக்க வேண்டும், கால் மணி நேரம் கூடும், மழையில் எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் இழுக்கிற அச்சில் இரண்டு பக்கமும் ஒரே அளவு நிற்கும், லோடு ஏறும் இடத்தில் பலமான டயர் இருக்கும். ஸ்டீயரிங் ஸ்டெப்னி இருக்கும் பக்கம் லேசாக இழுக்கும், அந்த மூலை 15 மி.மீ. தாழ்ந்து நிற்கும், பிரேக் அடித்தால் அந்த இழுப்பு இன்னும் தெரியும். வேகத்தை 60-க்குள் வையுங்கள். ஏ.பி.எஸ். (பிரேக் அடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு) விளக்கு எரியலாம், எரியாமலும் இருக்கலாம். ஒவ்வொரு சக்கரத்தின் வேகத்தையும் ஒப்பிட்டுத்தான் அது வேலை செய்கிறது. எத்தனை சதவீத வித்தியாசம் வரை பொறுத்துக்கொள்ளும் என்பது வண்டிக்கு வண்டி மாறும். எரிந்தால் ஏ.பி.எஸ். இல்லாத வண்டி என்று நினைத்துக்கொண்டு ஓட்டுங்கள்.

இனி கம்பெனி கொடுக்கும் சின்ன ஸ்டெப்னி. இந்த வாதத்தை வாரம் ஒரு முறையாவது கேட்கிறேன், நியாயமான கேள்வியும்கூட. 16 அங்குல அலாய் போட்ட ஒரு காரில் 195/55 ஆர் 16 ஓடுகிறது, டிக்கியில் 185/65 ஆர் 15 இரும்பு வீல் கிடக்கிறது என்று வையுங்கள். ரிம் சின்னது, அகலமும் குறைவு. மொத்த உயரத்தைக் கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒன்று 621 மி.மீ., மற்றது 621.5. ஏறக்குறைய ஒன்றேதான். கம்பெனிக்காரர்கள் ரிம்மில் மிச்சம் பிடித்தார்கள், உயரத்தில் கைவைக்கவில்லை. இன்னும் மெலிதான தற்காலிக ஸ்டெப்னிகளில் 80 கி.மீ. வேகத்துக்கு மேல் போகாதே என்று ஸ்டிக்கரே ஒட்டியிருப்பார்கள். உங்கள் பழைய ஸ்டெப்னியில் ரிம் அதே 15, உயரம்தான் குறைகிறது. பார்க்க ஒரே மாதிரி இருப்பதால் ஆபத்தில்லை என்று தோன்றும். நாம் பொருத்திப் பார்க்க வேண்டியது உயரத்தை.

எவ்வளவு வித்தியாசத்தைப் பொறுக்கலாம் என்பதற்கு நான் வைத்திருக்கும் அளவுகோல் இது. புது டயரின் பட்டன், அதாவது ரோட்டைப் பிடிக்கும் வரிகள், எட்டு, ஒன்பது மி.மீ. ஆழம் இருக்கும். சட்டப்படி 1.6 மி.மீ. மிஞ்சும் வரை தேயலாம். முழுக்கத் தேய்ந்த டயர், அதே அளவுப் புது டயரைவிட உயரத்தில் 14 மி.மீ. வரை குறைந்திருக்கும், இரண்டு சதவீதம். அந்த இரண்டு சதவீதத்தை வண்டி எப்படியும் சந்திக்கும், அதோடு ஊர் போய்ச் சேரலாம். உங்களுடையது புது டயரிலேயே நாலேகால். ஸ்டெப்னி பாதி தேய்ந்தது என்றால் ஐந்தைத் தாண்டும். கணக்கு வேண்டாம், கண்ணால் பார்க்க வேண்டும் என்றால் ஸ்டெப்னியை இறக்கி, ஓடும் டயர் ஒன்றைக் கழற்றி இரண்டையும் சமதரையில் பக்கத்தில் நிறுத்துங்கள். மேலே ஒரு பலகையை வையுங்கள். பலகை சாய்வதைப் பார்த்ததும் உங்களுக்கே புரிந்துவிடும்.

(பின்னால் ஜோடி டயர் ஓடும் லாரிக்காரர்கள் இதைப் படித்தால்: உங்கள் கதை வேறு. ஜோடியில் ஒன்று குட்டை என்றால் உயரமானது மட்டும் முழுச் சுமையையும் தாங்கும், குட்டை பேருக்குச் சுற்றும். சில மில்லிமீட்டர் வித்தியாசத்துக்கே சூடேறி வெடிக்கும்.)

உயரத்துக்கு அடுத்தது சுமை எண். இதைப் பலர் பார்ப்பதே இல்லை. டயர் ஓரத்தில் அளவுக்குப் பக்கத்தில் 100 என்று இருந்தால் அந்த டயர் 800 கிலோ தாங்கும், 105 என்றால் 925, 109 என்றால் 1,030. உங்கள் புது டயர் 109-ஆக இருந்து ஸ்டெப்னி 100-ஆக இருந்தால், பைப் லோடு ஏற்றிய அன்று அந்த ஒரு மூலை பலவீனம். பட்டன் மாதிரியும் பிராண்டும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று நான் வற்புறுத்த மாட்டேன். அவசரத்துக்கு மாட்டும் டயரில் அதெல்லாம் இரண்டாம்பட்சம்.

அலாய்க்கு மாறியவர்களுக்கு நட் விஷயம். சில அலாய் வீல்களோடு வரும் நட்டின் உட்காரும் முகம் இரும்பு டிஸ்க்குக்குப் பொருந்தாது. முறுக்கும்போது இறுகின மாதிரி தெரியும், 10 கிலோமீட்டரில் தளரும். பழைய இரும்பு ஸ்டெப்னி வைத்திருந்தால் அதற்கான பழைய நட்டுகளை ஒரு பையில் கட்டி ஜாக்கியோடு வையுங்கள். எந்த வீலை மாட்டினாலும் 50 கி.மீ. ஓடியதும் ஒருமுறை இறுக்கிப் பாருங்கள்.

நம் கடலோரத்தில் ஸ்டெப்னிக்கு இன்னொரு எதிரி உண்டு. பிக்கப்பின் ஸ்டெப்னி, லோடு ஏற்றும் தொட்டிக்குக் கீழே சங்கிலியில் தொங்குகிறது. உப்புக் காற்று ஒரு பக்கம். மீன் வண்டிகளில் ஐஸ் உருகிய தண்ணீர் வருடக்கணக்காக அந்த ரிம் மேலேயே சொட்டுகிறது. பஞ்சரான அன்று கைப்பிடியை விட்டுச் சுற்றினால் சங்கிலி அசையாது. எண்ணெய் ஊற்றி, சுத்தியலால் தட்டி, கடைசியில் அறுத்தே இறக்கியிருக்கிறேன். இறங்கிய ரிம்மின் உதடு துருவேறி, காற்று நிற்காது. 2011 டிசம்பர் 30-ம் தேதி தானே புயல் அடித்த பிறகு, முந்திரியும் பலாவும் சாய்ந்து கிடந்த ரோடுகளில் ஆணி, தகரம் ஏறி வந்த வண்டிகள் என் கடையில் வரிசையாக நின்றன. டயர் பஞ்சர் போட்டு முடிப்பதைவிட ஸ்டெப்னியை இறக்குவதற்கு அதிக நேரம் ஆன வண்டிகள் அதில் நிறைய. மூன்று மாதத்துக்கு ஒருமுறை சும்மாவாவது இறக்கி ஏற்றுங்கள், சங்கிலிக்கு கிரீஸ் தடவுங்கள். காற்றை ஓடும் டயரைவிட ஐந்து பி.எஸ்.ஐ. கூட வையுங்கள், மாதம் ஒன்றிரண்டு தானாகவே இறங்கும்.

டயரின் வயதையும் பாருங்கள். பக்கச்சுவரில் நான்கு இலக்கம் ஒரு முட்டைவடிவக் கட்டத்துக்குள் இருக்கும். 2318 என்றால் 2018-ம் வருடத்தின் 23-வது வாரம் செய்தது. ஒருநாள்கூட ஓடாத ஸ்டெப்னியும் கிழமாகும், ரப்பர் இறுகி ஓரத்தில் மயிரிழை வெடிப்பு விடும். ஆறு வருடம் தாண்டினால் வருடாவருடம் காட்டிப் பாருங்கள், பத்து வருடமானால் பட்டன் புதுசாக இருந்தாலும் தூக்கிப் போடுங்கள். உங்கள் பழைய ஸ்டெப்னி வண்டியோடு வந்தது என்றால் அளவுப் பிரச்சினைக்கு முன்னால் வயதுப் பிரச்சினையே அதை முடித்துவிடலாம்.

சட்டம் பற்றி இரண்டு வரி. மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-வது பிரிவு, கம்பெனி குறிப்பிட்டதிலிருந்து வண்டியை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. உங்கள் மாடலிலேயே வேறு வகைக்குக் கம்பெனி 235/75 கொடுத்திருக்கிறதா என்று கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள், கொடுத்திருந்தால் பேசுவதற்கு ஒரு பிடி இருக்கும். டியூப்லெஸ் டயரும், காற்றழுத்தம் காட்டும் கருவியும், பஞ்சர் கிட்டும் இருக்கும் பயணிகள் வண்டிகளுக்கு ஸ்டெப்னியே வேண்டாம் என்று 2020-ல் விதி தளர்த்தினார்கள். அது லோடு வண்டிக்குச் சொன்னது அல்ல.

ஸ்டெப்னி என்ற பெயருக்கும் ஒரு கதை உண்டு. வேல்ஸ் நாட்டின் லனெல்லி ஊரில் ஸ்டெப்னி தெருவில் 1904-ல் டேவிஸ் சகோதரர்கள் செய்து விற்றது. அந்தக் காலக் கார்களில் மாற்று வீலே கிடையாது. காற்றடைத்த டயர் மாட்டிய வெறும் வளையத்தைப் பஞ்சரான சக்கரத்தின் மேலேயே கவ்வி மாட்டி ஓட்டுவார்கள். அந்த வளையம் ஓடுகிற சக்கரத்தின் உயரத்துக்குச் சரியாக இல்லாவிட்டால் பிரயோஜனமே இல்லை. அந்தத் தெருவின் பெயர் நம் பஞ்சர் கடைப் பலகைகளில் இன்னும் இருக்கிறது.

உங்கள் விஷயத்தில் என் தீர்ப்பு: ஐந்தாவது டயரை வாங்குங்கள். வில்லியனூரைச் சுற்றி மட்டும் ஓடும் வண்டி என்றால், நான்கு கிலோமீட்டரில் பஞ்சர் கடை இருக்கிறது, பழையதை வைத்துச் சமாளியுங்கள் என்று சொல்லியிருப்பேன். நீங்கள் குழந்தைகளோடு மலை ஏறுகிறீர்கள். அங்கே சிக்னல் கிடைக்காத வளைவில் நின்றால் 60, 70 கிலோமீட்டர் அந்த ஸ்டெப்னியை நம்பித்தான் இறங்க வேண்டும். வாங்கினால் 215/75-க்கு வந்த அதே ஆறு அங்குல அகல ரிம்மிலேயே 235/75 உட்காரும், ரிம்முக்குத் தனிச் செலவு இல்லை. ஐந்தும் ஒன்றானதும் 8,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை ஸ்டெப்னியையும் சேர்த்து இடம் மாற்றிப் போடுங்கள். ஐந்தும் ஒன்றாகத் தேயும், நான்கு டயர் செட்டைவிட ஆயுள் கால் பங்கு கூடும், போட்ட பணம் பாதிக்கு மேல் அப்படியே திரும்பி வந்துவிடும்.

வாங்குவதற்கு முன் ஒரே ஒரு சந்தேகம் மிச்சம், அதை வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தால்தான் தீரும். 733 மி.மீ. டயர் உங்கள் தொட்டிக்குக் கீழே தொங்குமா? சைலன்சர் பைப்புக்கும் டயருக்கும் நடுவில் மூன்று விரல் இடைவெளியாவது வேண்டும், இல்லாவிட்டால் சூட்டில் வெந்துபோகும். பின் பிளேட் ஸ்பிரிங்கில் உரசக் கூடாது, லோடு ஏறினால் ஸ்பிரிங் இறங்கும் என்பதையும் கணக்கில் எடுங்கள். இடம் இல்லையென்றால் தொட்டிக்குள் கேபினை ஒட்டி நிறுத்தி மாட்ட ஒரு தாங்கி வெல்டிங் செய்துவிடலாம், உப்புத்தண்ணீர் தொல்லையும் தீரும். இறக்கிய பழைய ஸ்டெப்னியின் நான்கு இலக்க எண், புது டயரின் சுமை எண், சைலன்சருக்கும் இப்போதைய ஸ்டெப்னிக்கும் உள்ள இடைவெளி, இந்த மூன்றையும் அளந்து எழுதுங்கள், எங்கே மாட்டலாம் என்று சொல்கிறேன்.